அத்தையோடு கொட்டாரம் பார்த்த கோடை

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே பேரப்பிள்ளைகளை அதட்டுகிற என் வயசுக்காரிகளே, இது உங்களுக்குத்தான். பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். "பாட்டி, போன தடவையும் இதைத்தான சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டு செல்போனுக்குள் போய்விட்டார்கள். போன தடவை நான் பாதிதான் சொன்னேன் என்று அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

போன மாதம் அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பத்மநாபபுரம் போயிருந்தோம். வேளிமலையின் அடிவாரத்தில் கருங்கல் கோட்டைச் சுவருக்குள் இருக்கிற பழைய தலைநகரம். நம் பக்கத்தில் அதை யார் அரண்மனை என்று சொல்கிறார்கள்? கொட்டாரம்தான். நிலம் நம் ஜில்லா, நிர்வாகம் மலையாளத்துக்காரர்கள். வாசலில் நின்ற காவலாளி செருப்பைக் கழற்றி வைக்கச் சொன்னார். குனிந்தேன், நிமிர முடியவில்லை. "என்னம்மா, மூச்சு முட்டுதா?" என்று மகன் பதறினான். மூச்சு ஒன்றும் முட்டவில்லை. எனக்கு அத்தை நினைவு வந்துவிட்டது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. மருமகள் முன்னால் எப்படி அழுவது? "செருப்பு வார் இறுகிப்போச்சு" என்று சொல்லிச் சமாளித்தேன்.

அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. தாத்தாவும் பாட்டியும் போன பிறகு எங்கள் வீட்டிலேயே இருந்தாள். எனக்குத் தலை பின்னிவிட்டவள் அவள். இருமலுக்குக் கஷாயம் வைத்து, குடிக்காமல் ஓடினால் துரத்திப் பிடித்தவளும் அவளே. துரத்திப் பிடிப்பாள் என்று சும்மா சொல்லவில்லை. சின்னதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இடது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. நடந்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். ஆனாலும் கிணற்றடியைச் சுற்றி அவளிடமிருந்து நான் ஒரு நாளும் தப்பித்ததில்லை.

அந்தக் காலத்தில் பெண் பார்ப்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டாசலில், அதுதான் முன்கூடத்தில், மாப்பிள்ளை வீட்டார் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். அடுக்களையிலிருந்து பெண் காப்பித் தட்டோடு வெறுங்காலில் நடந்து வர வேண்டும். அவ்வளவு தூரம் போதுமே! எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் முந்திரிக்கொத்தையும் காப்பியையும் முடித்துவிட்டு, "சொல்லி அனுப்புதோம்" என்று எழுந்து போனார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்றால் சொல்லி அனுப்பமாட்டோம் என்று அர்த்தம். ஒவ்வொரு தடவையும் அத்தை அந்த டம்ளர்களைத் தானே கழுவிக் கவிழ்ப்பாள்.

அப்பாவுக்குத் தங்கை மேல் உயிர். கோபக்காரர், சத்தக்காரர், ஊரில் யார் வாயிலும் விழக்கூடாது என்று வாழ்ந்தவர். அவர் வடசேரியில் செருப்புத் தைக்கிற ஒருவரிடம் சொல்லி, இடது காலுக்கு மட்டும் கனத்த அடி வைத்து ஒரு ஜோடி செருப்பு செய்து வாங்கி வந்தார். சேலை தரையைத் தொட உடுத்தி அதைப் போட்டுக்கொண்டால், அத்தை கொஞ்சம் நிதானமாக நடக்கிறாள் என்றுதான் தோன்றும். அப்போதுதான் அப்பாவுக்கு அந்த மகா யோசனை வந்தது.

"வீட்டுல வச்சுப் பாத்தது போதும் வே. வெளியில எங்கயாவது, தற்செயலாக் கண்ட மாதிரி பாக்கட்டும்" என்றார் தரகரிடம்.

"அதுவும் நல்லதுதான். வேண்டாம்னு ஆனாலும் ரெண்டு பேருக்கும் மன முறிச்சல் இல்ல" என்றார் தரகர். "வட்டக்கோட்டையில வச்சுக்கிடுவமா? கடல் காத்து அடிக்கும்."

"மாப்பிள்ளை வீடு குழித்துறையில்லா? அவ்வளவு தூரம் அவங்க வரமாட்டாங்க. கொட்டாரம்னா நடுவாந்தரம்."

பக்கத்தில் மாங்காய் தின்றுகொண்டிருந்த நான், "அப்பா, கொட்டாரத்துல செருப்பு போட விடமாட்டாங்க. பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போனாங்கல்லா" என்றேன்.

"பெரியவங்க பேசையில குறுக்க வராதட்டி!" என்று அம்மா என் தலையில் குட்டினாள். தரகர் சிரித்தார். அந்த இடத்தில் இருந்த எல்லோரும் எத்தனையோ தடவை கொட்டாரத்துக்குப் போனவர்கள், அத்தையைத் தவிர. எல்லோருக்கும் அந்தச் செருப்புதான் கண்ணை மறைத்திருந்தது. செருப்பை நினைத்தார்களே ஒழிய, வாசலை நினைக்கவில்லை.

மாப்பிள்ளை, பேச்சிப்பாறைக்கும் மேலே, மலையில் ஒரு ரப்பர் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். "மலங்காடு" என்று அம்மா உதட்டைப் பிதுக்கினாள். அன்று சாயங்காலம் அத்தை என்னைத் தனியாக இழுத்து, "ஏட்டி, மலைன்னா எம்புட்டு மேல இருக்கும்? மேகத்தைத் தொடலாமா?" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? தொடலாம் என்று சொல்லிவைத்தேன்.

சித்திரை விடுமுறை. வாடகைக் காரில் பின்சீட்டில் அம்மா, அத்தை, நான். காலடியில் புளிச்சோற்றுத் தூக்கு, ஏத்தங்காய் உப்பேரி, தண்ணீர்க் கூஜா. இப்போது யார் வீட்டில் கூஜா இருக்கிறது? பட்டு உடுத்தக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "தற்செயலா வந்தவ பட்டா கட்டிட்டு வருவா?" என்பது அவள் நியாயம். அத்தை வாடாமல்லி நிறத்தில் நைலக்ஸ் சேலை உடுத்தியிருந்தாள். பார்வதிபுரம் தாண்டியதும் வயல் குறைந்து வாழையும் தென்னையும் வந்தன. வில்லுக்குறிக்கு அப்பால் வேளிமலை பக்கத்தில் வந்து நின்றது. உச்சியில் வெள்ளை மேகம் படுத்திருந்தது. அத்தை கண்ணாடியை இறக்கிவிட்டு, முடி கலைகிறதே என்று அம்மா திட்டத் திட்ட, வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கொட்டாரத்து வாசலில் காவலாளி கையைக் காட்டினார். "செருப்பு இவிடெ ஊரி வைக்கணும்."

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அம்மா என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

"பிள்ளைக்குக் காலு சுடும். அவளை மட்டும் விடக்கூடாதா?" என்றார் அப்பா.

"அகத்து நல்ல தணுப்பாணு சாரே" என்றார் அவர் மரியாதையாக. உள்ளே நல்ல குளிர்ச்சிதானாம்.

அப்பா அத்தையை ஓரமாகக் கூப்பிட்டார். "நீ இந்த மரத்தடியில இரி. அவங்களை நான் இங்கேயே கூட்டிட்டு வாறேன். நீ எந்திரிக்காண்டாம்."

அத்தை ஒரு நிமிஷம் அந்தப் பழைய ஓட்டுக் கூரைகளை, ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிப்போகிற முகடுகளைப் பார்த்தாள். "நான் இதுவரைக்கும் கொட்டாரம் பாத்ததில்லண்ணே. பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போகும்போதும், காலு வலிக்கும்னு என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க. நான் பாக்கணும்" என்று சொல்லி, செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஒதுக்கிவைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள். அண்ணன் பேச்சை அவள் தட்டி நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

அந்தத் தரை உங்களுக்கு நினைவிருக்கும். கறுப்பாக, வழவழவென்று, உள்ளங்காலில் ஏறுகிற குளிர்ச்சி. பழைய மரத்தின் வாசனை, வௌவால் வாசனை. ஜன்னல் மர அழிகள் வழியாக வெயில் துண்டு துண்டாக விழுந்து கிடந்தது. அத்தை எதையும் விடவில்லை. பலாமரத் தூணில் செதுக்கிய பூக்களைத் தடவினாள். ஊறுகாய் போடுகிற பெரிய பரணிச் சாடிகளுக்குள் எட்டிப் பார்த்து, "இதுல எம்புட்டு நார்த்தங்காய் போடலாம்!" என்று அதிசயித்தாள். சாய்ந்து சாய்ந்துதான் நடந்தாள். ஆனால் அன்றைக்கு அவள் யாருக்காகவும் நடக்கவில்லை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

மாப்பிள்ளை வீட்டார் ஊட்டுப்புரையில் நின்றிருந்தார்கள். ராஜா காலத்தில் ஊருக்கே சோறு போட்ட நீளமான கூடம் அது. நாங்கள் இந்தத் தலையில், அவர்கள் அந்தத் தலையில். அடுக்களையிலிருந்து பட்டாசலுக்கு நடக்கிற தூரத்துக்குப் பயந்து வந்தவர்களுக்கு, ஒரு தெரு நீளம் நடக்க வேண்டியதாயிற்று! "அடடா, நீங்களா! இங்க எங்க?" என்று அப்பா நடித்தார். நம் ஊர்க் கோயில் கொடையில் வேஷம் கட்டுகிறவர்கள் கூட அவ்வளவு மோசமாக நடிக்கமாட்டார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா மெலிந்த மனுஷி. அத்தை நடந்து வருவதை முழுக்கப் பார்த்தாள். அத்தை கும்பிட்டுவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு பக்கத்திலிருந்த மரப்படிப் பக்கம் போனதும், அப்பாவிடம் நேரடியாகக் கேட்டாள். "பிள்ளைக்குக் காலுல என்ன?"

"காலையில முள்ளு குத்திட்டு" என்றார் அப்பா.

"குளிமுறியில வழுக்கி விழுந்துட்டா" என்றாள் அம்மா.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. படியில் நின்ற எங்களுக்கும் கேட்டது. அந்த அம்மா கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "முள்ளும் குத்தி, வழுக்கியும் விழுந்துட்டாளா? பாவம் பிள்ளை, ஒரே நாள்ல!" என்றாள். அப்பா தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

அத்தை திரும்பி இறங்குவாள் என்று நினைத்தேன். அவள் மேலே ஏறினாள். செங்குத்தான குறுகலான படி. கைப்பிடியைப் பற்றி, ஒரு காலை வைத்து மறுகாலை இழுத்து ஏறினாள். மாடியில், ராணிகள் தெருவை வேடிக்கை பார்ப்பதற்கென்று மரச்சட்டம் அடைத்த ஜன்னல் இருந்தது. அதன் அடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். பின்னாலேயே படி கிறீச்சிட்டது. மாப்பிள்ளை.

ஒல்லியாக, உயரமாக இருந்தார். தாழ்ந்த உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டு, அதை மறைக்க என்னைப் பார்த்து, "பாப்பா என்ன படிக்கு?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அத்தை பேசிவிட்டாள்.

"முள்ளும் குத்தல்ல, வழுக்கியும் விழல்ல. சின்னதுல காய்ச்சல் வந்து இப்பிடி ஆயிட்டு. அண்ணன் எனக்காகச் சொன்ன பொய்யி. தப்பா எடுத்துக்கிடாதீங்க."

அவர் தலையைத் தடவிக்கொண்டார். "இந்தப் படியில ஏறி வந்தீங்கல்லா? நான் தலையை இடிச்சேன், நீங்க இடிக்கல்ல. எங்க எஸ்டேட்டுல இதைவிட மோசமான படி கெடையாது" என்றார்.

அத்தை சிரித்தாள். வெளியாட்கள் முன்னால் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு அவர்கள் பேசியதைக் கேட்டால் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். காதல் வசனம் ஒன்றும் இல்லை.

"அங்க அட்டை உண்டுமா?"

"மழைக்காலத்துல உண்டு. துணியில உப்பைக் கிழியாட்டுக் கட்டிக் கையில வச்சுக்கிடணும். தொட்டா விழுந்திரும்."

"ஆனை?"

"வரும். அதுபாட்டுக்கு வாழையைத் தின்னுட்டுப் போயிரும். சாயங்காலம் மஞ்சு வெள்ளையா மேலேருந்து எறங்கி வாசல்ல வந்து நிக்கும். கதவைச் சாத்தலன்னா வீட்டுக்குள்ளயும் வரும். எதிர்ல நிக்க ஆளு தெரியாது."

"அப்பம் மேகத்தைத் தொடலாம்" என்றாள் அத்தை என்னைப் பார்த்து. அவர் புரியாமல் விழித்தார். கீழேயிருந்து அப்பா கூப்பிட்டார். "நான் வீட்டுல சொல்லுகேன்" என்று சொல்லிவிட்டு அவர் முதலில் இறங்கினார். அத்தையைப் பார்த்துத்தான் சொன்னார்.

எல்லோரும் காரில் ஏறினோம். சோறு கட்டிக்கொண்டு வந்ததால் எங்காவது உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அத்தைதான், "பேச்சிப்பாறைக்குப் போவோமாண்ணே?" என்று கேட்டாள். குற்ற மனசோடு இருந்த அப்பா, சரி என்றுவிட்டார். குலசேகரம் தாண்டினால் சாலையின் இரண்டு பக்கமும் ரப்பர்தான். ஒவ்வொரு மரத்திலும் பால் வடிகிற சிரட்டை. இலைகளுக்கு அடியில் ஓடுகிற பச்சை இருட்டு. அணைக்கரையில் காற்று சேலையைப் பிய்த்தது. தண்ணீருக்கு அக்கரையில் மலை மேல் மலையாக நீலமாய்க் கிடந்தது. டீக்கடைக்காரரிடம் அத்தை எஸ்டேட் பெயரைச் சொல்லி வழி கேட்டாள். "அன்னா, அந்த ரெண்டாவது மலைக்குப் பின்னால" என்று அவர் கை நீட்டினார். புளிச்சோற்றுக் கையைக் கழுவாமல் அத்தை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை இப்போதும் நான் தேடுகிறேன். அதற்குப் பிறகு அப்படி ஒரு முகம் அவளுக்கு வரவே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு, பழைய சேலைத் துணியைக் கிழித்து, கல்லுப்பை வைத்து, நூலால் சுற்றிச் சின்னக் கிழி ஒன்று கட்டினாள். "என்னதுத்தே?" என்று கேட்டேன். "உனக்கு எதுக்குட்டி?" என்று கன்னத்தைக் கிள்ளினாள். அடுக்களையில் தனியாகப் பாடினாள். எனக்குப் பயமாக இருந்தது. இவள் போய்விட்டால் எனக்கு யார் தலை பின்னுவார்கள்? பிள்ளையாருக்கு அதற்காகவே தோப்புக்கரணம் போட்டேன்.

அந்த வாரக் கடைசியில் தரகர் வந்தார். அப்பா அவரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். நடையில் ஏறிக் குடையை மடக்கக்கூட விடவில்லை.

"வாரும் வே. நானே ஆளனுப்பலாம்னு இருந்தேன். அந்த மலங்காட்டுல பிள்ளையைக் குடுக்க எங்களுக்கு மனசில்ல. வேற எடம் பாக்குதோம்னு அவங்ககிட்டச் சொல்லிரும்."

தரகர் வாயைத் திறந்தார். "இல்ல, நான் வந்தது..."

"நீரு ஒண்ணும் சொல்லாண்டாம். காப்பி குடிச்சிட்டுப் போம்."

அவர் காப்பி குடிக்கவில்லை. அப்பா உள்ளே வந்து அம்மாவிடம், "அவங்க வேண்டாம்னு சொல்லதுக்கு முந்தி நாம சொல்லியாச்சு. மானம் தப்பிச்சு" என்றார். "நல்லதாப் போச்சு" என்றாள் அம்மா. அத்தை சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பானையைச் சாய்த்த கை சாய்த்தபடியே இருந்தது. கஞ்சித் தண்ணீர் வடிந்து முடிந்த பிறகும் நிமிர்த்தவில்லை. எனக்கோ குதிக்க வேண்டும்போல் சந்தோஷம். பிள்ளையார் கேட்டுவிட்டாரே!

வேறு இடம் பார்த்தார்கள், பார்த்தார்கள், பிறகு பார்ப்பதையும் விட்டார்கள். அத்தை தையல் மெஷினில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சட்டை தைத்தாள். என்னைக் கட்டிக்கொடுத்தாள், என் பிள்ளைப்பேறு பார்த்தாள், அம்மாவைக் கடைசிவரை குளிப்பாட்டினாள். மழை பெய்து விட்டதும் எங்கள் புறவாசலில் நின்றால் வடக்கே மலை துலக்கமாகத் தெரியும். துணி காயப்போடப் போகிறவள், "இன்னைக்கு மலை தெளிஞ்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டு நிற்பாள். பேச்சிப்பாறை எங்கள் ஊரிலிருந்து எட்டாத தூரமா என்ன? காலையில் போனால் மத்தியானம் திரும்பிவிடலாம். ஒருத்தரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவளும் கேட்கவில்லை.

அப்பா நிறைந்த வயசில் போனார். கடைசி நாட்களில் அத்தை கையால் ஊட்டினால்தான் சாப்பிடுவார். "எனக்க தங்கச்சி மாதிரி ஆரு உண்டு?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, காக்கைக்குச் சோறு வைக்க நானும் அத்தையும் மொட்டை மாடிக்குப் போனோம். இலையில் அப்பாவுக்குப் பிடித்த அவியல், தீயல் எல்லாம் வைத்திருந்தாள். மழை விட்டிருந்த நாள். மலை தெரிந்தது.

"அந்த வாத்தியாரும் போயிட்டாராம் மக்கா, போன வருஷம்" என்றாள்.

எந்த வாத்தியார் என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது.

"அன்னைக்குத் தரகரு சம்மதம் சொல்லத்தான் வந்திருக்காரு, கேட்டியா? 'காலு, அது படைச்சவன் குடுத்தது, பிள்ளை உள்ளதைச் சொல்லிட்டா, அது போதும்'னு அந்த அம்மா சொன்னாளாம். மார்கழித் தேரோட்டத்துல வச்சு தரகருக்க பெஞ்சாதி எனக்கிட்டச் சொன்னா. அதுக்குள்ள வாத்தியாருக்கு வேற எடத்துல நிச்சயம் ஆயிட்டு."

இத்தனை வருஷம்! ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், அப்பாவுக்கு ஆக்கிப் போட்டுக்கொண்டு! கண்ணீரும் கோபமுமாக, "பின்ன ஏன் அத்தே இதை அப்பாகிட்ட ஒரு நாளாவது சொல்லல?" என்று கத்திவிட்டேன்.

அத்தை என் வாயைப் பொத்தினாள். கைப்பிடிச் சுவரில் காக்கை வந்து உட்கார்ந்திருந்தது. தயங்கித் தயங்கி இலைக்கு இறங்கி, சோற்றில் அலகை வைத்தது.

"மெல்லப் பேசுட்டி" என்றாள். "அண்ணன் சாப்பிடுகாரு. காதுல விழுந்திரும்."